11 பாகையில் ஒரு கேமரா: கொங்கு வானத்தைப் படம் பிடிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இணையத்தில் கிடைக்கும் வானப் படக் குறிப்புகளில் பெரும்பாலானவை 40, 50 பாகை அட்சரேகையில் இருப்பவர்கள் எழுதியவை. அங்கே துருவ நட்சத்திரம் பாதி வானத்தில் நிற்கும். குளிர்கால இரவு உறைநிலைக்குப் போகும். கோவை இருப்பதோ 11 பாகையில். நமக்குத் துருவ நட்சத்திரம் தென்னை உச்சிக்கும் கீழே, சித்திரை இரவில் கேமராவின் சென்சார் நன்றாகவே சூடேறும். அவர்கள் சொல்லும் முறையில் தப்பில்லை, எண்களைத்தான் அப்படியே எடுக்க முடியாது. ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டுவிட்டால், அதை நம் ஊருக்கு மாற்றப் பள்ளிக் கணக்கே போதும். இந்தப் பக்கத்துப் பதில்கள் அந்த எண்ணத்தோடு எழுதப்பட்டவை.

போன் மட்டும்தானுங்க இருக்குது. அதுல பால்வீதி விழுமா?

விழும், இடம் இருட்டாக இருந்தால். போனில் ‘ப்ரோ’ முறை இருக்க வேண்டும். மெயின் லென்ஸை மட்டும் பயன்படுத்துங்கள். அகலக் கோண லென்ஸும் ஜூம் லென்ஸும் வெளிச்சம் குறைவாக வாங்கும். ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200, ஷட்டர் 10 முதல் 15 விநாடி, ஃபோகஸை ‘மலை’ குறியில் நிறுத்துங்கள், சேமிப்பதை ‘ரா’ என்று மாற்றுங்கள். 3 விநாடி டைமர் வைத்தால் விரல் பட்ட அதிர்வு அடங்கிய பிறகு ஷட்டர் திறக்கும். ட்ரைபாட் கட்டாயம். அது இல்லையென்றால் ஒரு சொம்பு மணலில் போனைச் சாய்த்துப் புதைத்து வைத்தாலும் சரிதான். அசையாமல் இருப்பதுதான் முக்கியம். ஒரே படத்தோடு நிறுத்தாமல் அதே அமைப்பில் 30 எடுங்கள். ஏன் 30 என்பது கீழே வருகிறது.

எந்த மாசம் நல்லதுங்க? எந்த மாசம் என்ன தெரியும்?

தை, மாசி, பங்குனி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மேகம். வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகமும் காற்றும் வந்துகொண்டே இருக்கும். நடுவில் கிடைக்கும் மூன்று மாதங்கள்தான் அறுவடைக் காலம். சித்திரையும் பரவாயில்லை, ஆனால் புழுதியும் வெப்ப மூட்டமும் அடிவானத்தை மூடிவிடும்.

தை மாத முன்னிரவில் கார்த்திகைக் கூட்டமும் ஓரியனும் ஏறக்குறைய தலைக்கு மேல் இருக்கும். ஓரியன் நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகம், அதாவது எம்42, நமக்கு 73 பாகை உயரம் வரை ஏறுகிறது. வடநாடுகளில் அதற்கு இந்த உயரம் கிடைப்பதில்லை. திருவாதிரையைத் தெரிந்தவர்களுக்கு ஓரியனைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. அது அந்த மண்டலத்தின் ஒரு தோளில் சிவப்பாக இருக்கும்.

மாசியிலும் பங்குனியிலும் நள்ளிரவை ஒட்டித் தெற்கே பாருங்கள். கரீனா நெபுலாவும் தென்சிலுவையும் உச்சத்தில் 19 பாகை உயரத்தில் நிற்கும். ஐரோப்பாவில் இருப்பவர்கள் இவற்றைப் படம் எடுக்க விமானம் ஏற வேண்டும். சித்திரையில் ஒமேகா சென்டாரி என்ற பெரிய நட்சத்திரக் கொத்து 31 பாகை வரை வரும்.

பால்வீதியின் மையப்பகுதி கேட்டை, மூலம் நட்சத்திரங்களுக்குச் சற்றுக் கிழக்கே இருக்கிறது. அது முன்னிரவில் உச்சிக்கு வருவது ஆடி, ஆவணியில், அதாவது மேகக் காலத்தில். அதனால் நம் பக்கத்தில் அதை விடியற்காலையில் பிடிப்பதே நடைமுறை. பங்குனித் தொடக்கத்தில் அதிகாலை 4 மணி முதல் 5 மணி வரை தென்கிழக்கில் 40 பாகை உயரத்தில் இருக்கும். சித்திரையில் 2 மணிக்கு மேல் பார்க்கலாம்.

நிலா இல்லாத நேரத்துக்குத் தனிச் செயலி வேண்டாம். வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரில் திதி இருக்கிறது. வளர்பிறை பஞ்சமி வரை நிலா இரவு 10 மணி வாக்கில் மறைந்துவிடும், அதன் பிறகு எடுக்கலாம். தேய்பிறை அஷ்டமி வாக்கில் நிலா எழவே நள்ளிரவாகும், அதுவரை எடுக்கலாம். விடியற்காலைப் பால்வீதிக்கு அமாவாசைக்கு மூன்று நாள் முன்னிலிருந்து வளர்பிறை அஷ்டமி வரை பொருந்தும். சூரியன் மறைந்து முழு இருட்டு வர நமக்கு ஏறக்குறைய 1¼ மணி நேரம் ஆகும்.

எங்கே போய் எடுப்பது?

கேட்க வேண்டிய முதல் கேள்வி “எவ்வளவு தூரம்” என்பதல்ல, “நகரம் எந்தப் பக்கம்” என்பது. நாம் விரும்பும் தென்சிலுவை, கரீனா, பால்வீதி மையம் எல்லாம் தெற்கு வானத்தில். அதனால் பெரிய ஊர் உங்களுக்கு வடக்கே, முதுகுப்புறம் இருக்கும்படி நில்லுங்கள். கோவைக்குத் தெற்கே 40 கிலோமீட்டர் போவது, வடக்கே அதே தூரம் போவதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

சமவெளியில் காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்துக் கொறங்காடுகள் அருமையான இடம். நீர்ப்பாசனம் இல்லாத மேய்ச்சல் நிலம் என்பதால் பனி குறைவு. உயரமான மரங்கள் அடர்த்தியாக இல்லாததால் அடிவானம் திறந்திருக்கும். சுற்றிலும் கிளுவை வேலி இருப்பதால் காற்றுக்கு மறைவும் கிடைக்கும். பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்குள் நின்றால் வானமே தெரியாது. வாய்க்கால் ஓரமென்றால் பனி கொட்டும். காற்றாலைப் பகுதியில் கோபுர உச்சிச் சிவப்பு விளக்குகள் அடிவானத்தில் மினுக்கும், படத்தில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகளாக விழும்.

மலைக்குப் போனால் புழுதிப் படலத்துக்கு மேலே போய்விடலாம். கொல்லிமலை, பர்கூர் மலை, வால்பாறை மூன்றுமே இருட்டு. ஆனால் காட்டுப் பாதையில் இரவு வண்டியை நிறுத்தி ட்ரைபாட் விரிப்பது ஆபத்து, சட்டப்படி குற்றமாகவும் ஆகலாம். யானை, சிறுத்தை நடமாடும் இடங்கள் இவை. திம்பம் மலைப்பாதையில் உயர் நீதிமன்ற உத்தரவால் 2022 முதல் இரவுப் போக்குவரத்துத் தடை இருக்கிறது. தங்கும் விடுதியின் மொட்டை மாடியோ தெரிந்தவர் தோட்டத்துச் சாளையோதான் சரியான இடம். தோட்டக்காரரிடம் பகலிலேயே சொல்லி அனுமதி வாங்குங்கள். இரவில் டார்ச்சோடு காட்டுக்குள் நடமாடினால் யாருக்கும் சந்தேகம் வரும்.

பகலில் இடம் பார்க்கும்போது கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்குங்கள். முஷ்டியின் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 பாகை. தெற்கு மலை ஒரு முஷ்டி உயரத்துக்குள் இருந்தால் தென்சிலுவை இரண்டு முஷ்டி உயரத்தில் தப்பாமல் தெரியும். வடக்கே ஒரு முஷ்டிக்கு மேல் எது மறைத்தாலும் துருவ நட்சத்திரம் போச்சு.

ஷட்டர் எத்தனை செகண்ட்? 500 விதி, 300 விதி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்களே?

பூமி சுழல்வதால் நட்சத்திரம் விநாடிக்கு 15 வில்விநாடி நகரும். ஒரு பாகையில் 3600 வில்விநாடி. உங்கள் கேமராவின் ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை வில்விநாடியை மூடுகிறது என்று தெரிந்தால், எத்தனை விநாடியில் நட்சத்திரம் கோடாகும் என்று நீங்களே சொல்லிவிடலாம். கணக்கு இதுதான்: பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206-ஆல் பெருக்கி, லென்ஸின் குவிய நீளத்தால் வகுக்க வேண்டும். 24 மெகாபிக்சல் கிராப் சென்சாரில் (முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) பிக்சல் 3.9 மைக்ரான் வாக்கில் இருக்கும். 18 மி.மீ லென்ஸில் ஒரு பிக்சல் 45 வில்விநாடி, 50 மி.மீ-இல் 16, 200 மி.மீ-இல் 4.

500 விதி என்பது 500-ஐக் குவிய நீளத்தாலும் கிராப் எண்ணாலும் வகுப்பது. 18 மி.மீ, 1.5 கிராப் என்றால் 18 விநாடி. அதற்குள் நட்சத்திரம் 6 பிக்சல் நகர்ந்துவிடும். ஃபிலிம் காலத்துக்கும், சிறிதாக அச்சிடுவதற்கும் அது போதும். இன்றைய சென்சாரில் பெரிதாக்கிப் பார்த்தால் அரிசி மணி போல நீண்டு தெரியும். அதனால் நாங்கள் 300-ஐப் பரிந்துரைக்கிறோம்: 18 மி.மீ-க்கு 11 விநாடி, 35-க்கு 6, 50-க்கு 4. நகர்வு 4 பிக்சலுக்குள் அடங்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 15 வில்விநாடி என்ற வேகம் வான நடுக்கோட்டை, அதாவது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் கோட்டை, ஒட்டிய நட்சத்திரங்களுக்குத்தான். ஓரியன் அங்கேதான் இருக்கிறது, அதனால் அதற்கு இந்த விநாடிக் கணக்கு கண்டிப்பானது. துருவங்களை நெருங்க நெருங்க வேகம் குறையும். தென்சிலுவை நடுக்கோட்டிலிருந்து 60 பாகை தள்ளி இருப்பதால் வேகம் சரிபாதி. 50 மி.மீ லென்ஸில் அதற்கு 8 விநாடி தாராளமாகக் கொடுக்கலாம். கொடுக்கவும் வேண்டும், ஏனென்றால் 19 பாகை உயரத்தில் அதன் ஒளி தலைக்கு மேல் இருப்பதைப் போல் மூன்று மடங்கு காற்றைக் கடந்து வருகிறது.

ஐஎஸ்ஓவை ஏற்றினால் நட்சத்திரம் கூடுதலாகத் தெரியும்தானே?

இல்லை. ஐஎஸ்ஓ வெளிச்சத்தைச் சேர்ப்பதில்லை, வந்த சிக்னலைப் பெருக்கிக் காட்டுகிறது. வெளிச்சத்தைச் சேர்ப்பவை லென்ஸின் திறப்பும் நேரமும். 1600-இல் வைத்து ஒரு படம் எடுத்து, அதன் வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். மேடு இடது ஓரத்தை விட்டு விலகி, கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் நின்றால் சரி. ஓரத்தில் ஒட்டினால் ஏற்றுங்கள். நடுவைத் தாண்டினால் நகர வெளிச்சம்தான் படத்தில் நிறைகிறது, இறக்குங்கள்.

ஃபோகஸை முடிவிலிக் குறியில்தான் வைத்தேனுங்க. எல்லா நட்சத்திரமும் உருண்டை உருண்டையா வந்துருச்சு.

ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் வளையம் முடிவிலியைத் தாண்டியும் சுற்றும். வெப்பத்தால் ஃபோகஸ் நகர்வதற்கு இடம் விட்டு அப்படிச் செய்கிறார்கள். அந்தக் குறியை நம்பக் கூடாது. ஆட்டோஃபோகஸையும் அதிர்வுத் தடுப்பையும் அணைத்துவிட்டு, லைவ் வியூவில் பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை 10 மடங்கு பெரிதாக்குங்கள். தை மாதத்தில் சிரியஸ் இதற்கு உகந்தது. வளையத்தை மெல்லத் திருப்பினால் புள்ளி சிறுத்துக்கொண்டே வந்து மறுபடி பெருக்கும். பெருக்கத் தொடங்கிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வாருங்கள், மிகச் சிறிய இடம் கையில் பிடிபடும். அங்கே வளையத்தை டேப் போட்டு ஒட்டுங்கள்.

85 மி.மீ-க்கு மேற்பட்ட லென்ஸென்றால் பஹ்தினோவ் மாஸ்க் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். கோடு கோடாகத் துளையிட்ட அட்டைதான் அது. நட்சத்திரத்தைச் சுற்றி மூன்று கீற்றுகள் விழும்; நடுக் கீற்று சரியாக நடுவில் நின்றால் ஃபோகஸ் சரி. முன்னிரவு 28 பாகை செல்சியஸாக இருந்து விடியற்காலை 18 ஆனால் லென்ஸ் சுருங்கி ஃபோகஸ் மாறும். மணிக்கொரு தரம் பார்த்துவிடுங்கள். நல்ல இரவுகளை வீணாக்கும் காரணங்களில் இதற்குத்தான் முதலிடம்.

ஒரே படம் போதாதா? எதற்கு நூறு படம் எடுத்து அடுக்க வேண்டும்?

மென்பொருள் படங்களை ஒன்றோடொன்று பொருத்திய பிறகு நட்சத்திரம் ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் இருக்கும். இரைச்சல் புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் விழும். சராசரி எடுத்தால் முதலாவது நிற்கும், இரண்டாவது கரையும். எத்தனை படமோ அதன் வர்க்கமூலம் அளவுக்குத் தெளிவு கூடும்: 4 படத்துக்கு 2 மடங்கு, 16-க்கு 4, 100-க்கு 10. தெளிவை இன்னொரு முறை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு படம் வேண்டும் என்பதால், 30-லிருந்து 120-க்குப் போவது பயன். 120-லிருந்து 150-க்குப் போவது உழைப்பு மட்டுமே. 11 விநாடிப் படம் 120 என்றால் மொத்தம் 22 நிமிட வெளிச்சம்.

இத்தோடு மூன்று வகைத் திருத்தப் படங்கள் வேண்டும். டார்க் என்பது மூடி போட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே விநாடி, அதே வெப்பநிலையில் எடுப்பது. 20 முதல் 30 எடுங்கள். குளிர் நாட்டுக் குறிப்புகளில் “டார்க் இல்லாவிட்டாலும் பரவாயில்லை” என்று பார்த்திருப்பீர்கள். நமக்கு அது பொருந்தாது. சென்சார் 6, 7 பாகை சூடேறினால் வெப்பத்தால் அதில் எழும் மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 0 பாகைக்கும் நம் 27 பாகைக்கும் உள்ள வித்தியாசம் நான்கு இரட்டிப்பு. டார்க்கை அதே களத்தில், அதே இரவில் எடுங்கள். வண்டிக்குள் ஏசி போட்டு எடுத்தது உதவாது. கேமராவிலேயே உள்ள ‘நீண்ட ஷட்டர் இரைச்சல் நீக்க’த்தை அணைத்துவிடுங்கள், அது ஒவ்வொரு படத்துக்கும் அதே நேரத்தைத் திருப்பிச் சாப்பிடும்.

ஃப்ளாட் என்பது லென்ஸ் ஓர இருட்டையும் தூசி நிழலையும் திருத்துவது. வெள்ளை பனியன் துணியை இரண்டு மடிப்பாக லென்ஸ் மேல் சுருக்கமில்லாமல் இழுத்து ரப்பர் பேண்ட் போட்டு, விடிந்ததும் ஒரே சீரான வானத்தை நோக்கி 20 படம். ஃபோகஸ் வளையத்தையும் திறப்பையும் தொடவே கூடாது. ஹிஸ்டோகிராம் நடுவில் நிற்க வேண்டும். பயாஸ் என்பது மூடி போட்டுக் கேமராவின் மிகக் குறைந்த ஷட்டரில் 50 படம். ஒரு நிமிட வேலை.

அடுக்குவது எந்த மென்பொருளில்?

சிரில். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒரு கோப்புறைக்குள் நான்கு உள் கோப்புறைகள்: லைட்ஸ் (lights, வானப் படங்கள்), டார்க்ஸ் (darks), ஃப்ளாட்ஸ் (flats), பயாசஸ் (biases). ஆங்கிலச் சிற்றெழுத்தில், பன்மையில் இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் எல்லாப் படிகளையும் தானே செய்யும் சிரிலின் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுவிடும். ஓட்டுவதற்கு முன் வட்டில் 100 ஜிபி காலி இருக்கிறதா பாருங்கள். 24 மெகாபிக்சல் படம் ஒவ்வொன்றும் இடைநிலையில் 300 எம்பி வரை வீங்கும், அதிலும் இரண்டு மூன்று பிரதிகள் உருவாகும்.

அடுக்கி முடிந்ததும் திரை கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும். படம் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு. வெளிச்சம் எல்லாம் ஹிஸ்டோகிராமின் இடது ஓரத்தில் ஒடுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். முதலில் ஓரங்களை வெட்டி, பின்னணி வெளிச்சச் சரிவை நீக்கி, நிறத்தைச் சரிசெய்து, அதன் பிறகே வெளிச்சத்தை விரிக்க வேண்டும். வரிசை மாறினால் திருப்பூர்ப் பக்கத்து வெளிச்ச மூட்டம் நெபுலாவோடு சேர்ந்து பெருகிவிடும். பச்சைப் பூச்சு மிஞ்சியிருந்தால் அதற்கென்றே உள்ள பச்சை நீக்கியை ஒருமுறை ஓட்டுங்கள். நிலக்காட்சியோடு சேர்ந்த படமென்றால் சிரிலைவிட விண்டோஸில் ஓடும் செக்வேட்டர் எளிது. தரையை நிறுத்தி வானத்தை மட்டும் அடுக்கும்.

ட்ராக்கர் வாங்கினேனுங்க. துருவ நட்சத்திரமே கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது. எப்படிச் சரிசெய்யறது?

தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. 11 பாகை உயரத்தில் ஒளி ஐந்து மடங்கு காற்றைக் கடக்கிறது. நட்சத்திர ஒளி அளவில் எண் கூடினால் மங்கல்; இரண்டாம் அளவு நட்சத்திரம் புழுதிக்குள் மூன்றரையாக மங்கும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இரவில் தேடினால் எளிதில் கிடைக்கும்.

ட்ராக்கர் என்பது கேமராவை வானத்தின் வேகத்திலேயே சுழற்றும் கருவி. அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும் என்பதே முழு விஷயமும். ஊட்டி அருகே முத்தொரையில் 1970-இல் அமைந்த ரேடியோ தொலைநோக்கி இதற்குக் கண்கண்ட எடுத்துக்காட்டு. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதை வடக்கு தெற்காக, ஏறக்குறைய 11 பாகை சரிந்த மலைச்சரிவில் கட்டினார்கள். சரிவும் அட்சரேகையும் ஒன்றாக இருப்பதால் அதன் நீள அச்சு பூமி அச்சுக்கு இணை. ஒரே ஒரு திசையில் திருப்பினாலே வானப் பொருளை மணிக்கணக்கில் தொடரும். உங்கள் ட்ராக்கரும் அதையேதான் செய்கிறது.

செய்முறை: பகலில் களத்தில் ஒரு குச்சியைத் தூக்குக்குண்டு வைத்து நேராக நடுங்கள். காலை 10 மணி வாக்கில் நிழல் நுனியைக் குறித்து, குச்சியை மையமாக வைத்து அந்த நீளத்தில் வட்டம் போடுங்கள். பிற்பகலில் நிழல் நுனி மறுபடி வட்டத்தைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். இரு புள்ளிகளையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்து வடக்கு தெற்கு. போன் திசைகாட்டி வண்டியும் இரும்பு ட்ரைபாடும் அருகில் இருந்தால் பல பாகை பிசகும், இந்தக் கோடு பிசகாது. இரவில் ரசமட்டம் வைத்து ட்ரைபாடைச் சமப்படுத்தி, அச்சை 11 பாகை சாய்த்து, இந்தக் கோட்டில் வடக்கு நோக்கி வையுங்கள். துருவ நட்சத்திரம் தெரிந்தால் துளை வழியாக அதை நோக்கி இறுதித் திருத்தம்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? துருவ நட்சத்திரம் உண்மையான துருவத்திலிருந்து முக்கால் பாகைக்கும் குறைவாகவே விலகியிருக்கிறது. அச்சை நேராக அதை நோக்கி வைத்தாலே பிழை நிமிடத்துக்கு 10 வில்விநாடிதான். 50 மி.மீ லென்ஸில் ஒரு நிமிடத்துக்கு அரைப் பிக்சல் சொச்சம். அத்தோடு விட்டுவிட்டுப் படம் எடுக்கத் தொடங்கலாம். 200 மி.மீ-இல் அதே பிழை இரண்டரைப் பிக்சல், அங்கேதான் போலார் ஸ்கோப்பும் (துருவத்தை நோக்க உதவும் சிறு தொலைநோக்கி) பொறுமையும் வேண்டும்.

வடக்கே மலை மறைத்தால் நகர்வு முறை. தெற்கே, வடக்கு தெற்காகத் தலைக்கு மேல் செல்லும் உச்சிக்கோட்டை ஒட்டி, வான நடுக்கோட்டுக்கு அருகே உள்ள ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது தெற்கே நகர்ந்தால் அச்சு துருவத்துக்குக் கிழக்கே விலகியிருக்கிறது; வடக்கே நகர்ந்தால் மேற்கே. அடுத்து கிழக்கு வானில் தாழ்வான ஒன்று: தெற்கே நகர்ந்தால் அச்சின் சாய்வு குறைவு, வடக்கே நகர்ந்தால் அதிகம்.

வாங்குமுன் ஒன்று பாருங்கள். சில மவுண்ட்களின் சாய்வு 15, 20 பாகைக்குக் கீழே இறங்காது. ஏற்கெனவே வாங்கிவிட்டால் ட்ரைபாடின் வடக்குக் காலைக் குட்டையாக்கி மொத்தத்தையும் வடக்கே சாய்த்து மீதிப் பாகையை எடுக்கலாம். எடைக்கல் கம்பி ட்ரைபாட் காலில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். தாழ்ந்த அட்சரேகையில் இது அடிக்கடி வரும் தொல்லை.

ட்ராக்கர் வாங்க வசதியில்லை. லேத் பட்டறை பக்கத்தில் இருக்கிறது. நாமே செய்ய முடியுமா?

கோவையில் இதைக் கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: தாராளமாக. கதவு போல் திறக்கும் இரண்டு பலகையும் ஒரு மரை போட்ட கம்பியும்தான் கருவி.

12 மி.மீ ப்ளைவுட்டில் 30 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் பலகை இரண்டு. ஒரு முனையில் கீல். எம்6 மரைக் கம்பி, அதன் மரை இடைவெளி 1 மி.மீ. கீல் ஊசியின் மையத்திலிருந்து 228.6 மி.மீ தூரத்தில் கீழ்ப் பலகையில் துளையிட்டு நட்டைப் பதியுங்கள். கம்பியை நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றினால் மேல் பலகை வானத்தின் வேகத்திலேயே திறக்கும். 228.6 எப்படி வந்தது என்றால், வானம் ஒரு சுற்று முடிக்க 1436 நிமிடம் ஆகிறது, 228.6 மி.மீ ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவும் 1436 மி.மீ. எம்8 கம்பியென்றால் மரை 1.25 மி.மீ, தூரம் 285.7 மி.மீ.

தூரத்தில் 1 மி.மீ பிசகினால் நிமிடத்துக்கு 4 வில்விநாடிதான் பிழை, 50 மி.மீ லென்ஸில் கால் பிக்சல். அதனால் அளவுக்காகப் பட்டறையில் தகராறு வேண்டாம். கீல் ஆட்டம் மட்டும் இருக்கவே கூடாது. கீல் அரை மி.மீ ஆடினால் படம் முழுக்க நட்சத்திரம் இரண்டிரண்டாகத் தெரியும். கம்பியின் நுனியை உருண்டையாகக் கடைந்து, அது தொடும் இடத்தில் மேல் பலகைக்கு ஓர் எஃகுத் தகடு வையுங்கள். இல்லையென்றால் மரத்தைக் குழி பறித்து வேகம் மாறும்.

வடக்கு நோக்கி நின்றால் கீல் உங்களுக்கு இடது புறம், அதாவது மேற்கே. பலகையின் திறக்கும் முனை கிழக்கே. கீல் ஊசி 11 பாகை சாய்ந்து துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். திசை மாற்றி வைத்தால் ட்ராக்கர் வானத்துக்கு எதிராக ஓடி, நட்சத்திரக் கோடு இரு மடங்கு நீளும்.

கையால் சுற்றுவதென்றால் 18 மி.மீ லென்ஸுக்கு ஐந்து விநாடிக்கு ஒருமுறை பன்னிரண்டில் ஒரு பங்கு திருப்பினால் போதும். 50 மி.மீ-க்கு அந்தத் தாவலே படத்தில் தெரியும், மோட்டார் வேண்டும். 28பிஒய்ஜே-48 என்ற, படிப்படியாகச் சுழலும் சிறிய ஸ்டெப்பர் மோட்டார், அதை இயக்கும் யூஎல்என்2003 மின்பலகை, கட்டளை கொடுக்க ஒரு ஆர்டுயினோ. 5 வோல்ட் பவர் பேங்கில் ஓடும். இந்த மோட்டார் ஒரு சுற்றுக்கு அரைப்படி 4096 என்று பல இடங்களில் இருக்கும். உள்ளே இருக்கும் பல்சக்கர விகிதப்படி அது 4076. விநாடிக்கு 67.9 அரைப்படி கொடுங்கள். கம்பி ஏறும்போது மோட்டாரும் கூடவே ஏற வேண்டும் என்பதால் அதைச் சுழலவிடாமல் மேலும் கீழும் மட்டும் சறுக்கவிடும் தடத்தில் பொருத்துங்கள்.

கம்பி நேராக இருப்பதால் பலகை திறக்கத் திறக்க வேகம் கொஞ்சம் குறையும். 20 நிமிடத்தில் நிமிடத்துக்கு 7 வில்விநாடி பின்தங்கும். 50 மி.மீ லென்ஸுக்கு அதுவரை கவலையில்லை. அதற்கு மேல் ஓட்டாமல் கம்பியைத் தொடக்கத்துக்குத் திருப்பி மறுபடி தொடங்குங்கள்.

மார்கழி, தையில் லென்ஸ் மேல் பனி படர்கிறது.

துடைக்காதீர்கள். துடைத்த ஈரம் மறுபடி படரும், புழுதி கண்ணாடியைக் கீறும். லென்ஸ் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுச் சுற்றுக் காற்றைவிடக் குளிர்வதால்தான் பனி பிடிக்கிறது. ஒன்றிரண்டு பாகை சூடாக வைத்தால் போதும். லென்ஸின் முன் விளிம்பைச் சுற்றிக் கட்டும் யூஎஸ்பி சூடேற்றும் பட்டை 5 வாட் எடுக்கும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் அதற்கு ஆறு மணி நேரம் வரும். பனி பிடித்த பிறகு அல்ல, இருட்டியதுமே போட்டுவிடுங்கள். லென்ஸ் ஹூடும் உதவும்.

ஆடிக் காற்றில் எடுக்கவே முடியாதா?

ட்ரைபாட் கால்களை நீட்டாமல், நடுத்தண்டை உயர்த்தாமல், தரையோடு தரையாக வையுங்கள். பையைத் தொங்கவிட்டால் அது ஊஞ்சலாடி இன்னும் மோசமாக்கும். சிமென்ட் சாக்கில் மணல் நிரப்பிக் கால்களின் மேல் சாய்த்து வையுங்கள். கேமரா வாரைக் கழற்றுங்கள். கிளுவை வேலியின் கிழக்குப் புறம் உட்காருங்கள், காற்று மேற்கிலிருந்து வருகிறது. குறைந்த விநாடியில் நிறைய எடுத்து ஆடிய படங்களைக் கழித்துவிடுங்கள்.

திருப்பூர் நகரத்துக்குள்ளே இருக்கிறோம். மொட்டை மாடியில் எதுவும் முடியாதா?

நிலாவும் கோள்களும் நகர வெளிச்சத்தைப் பொருட்படுத்தாது. முழு நிலாவுக்கு எஃப் 11 திறப்பில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100. பிறைக்கு அதைவிடப் பல மடங்கு நேரம்.

நெபுலாக்களுக்கு ட்யூவல் பேண்ட் ஃபில்டர் உதவும். அது ஹைட்ரஜன் ஒளி 656 நானோமீட்டரையும் ஆக்சிஜன் ஒளி 501 நானோமீட்டரையும் மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும். ஆனால் சாதாரண டிஎஸ்எல்ஆரின் உள் ஃபில்டர் 656-ஐப் பெரும்பகுதி வெட்டிவிடும் என்பதால், அதை மாற்றியமைக்காத கேமராவில் பலன் குறைவு. விண்மீன் மண்டலங்களுக்கு (கேலக்ஸிகளுக்கு) இந்த ஃபில்டர் கூடாது, அவற்றின் ஒளி எல்லா நிறத்திலும் பரவியிருக்கிறது. பழைய சோடியம் விளக்குக்கென்று செய்த ஃபில்டர்களை இப்போது வாங்காதீர்கள். தெருவெல்லாம் வெள்ளை எல்இடி ஆகிவிட்டது. அதன் ஒளியும் எல்லா நிறத்திலும் இருப்பதால் அந்த ஃபில்டர் அதைப் பிரித்தெடுக்காது. அந்தப் பணத்துக்கு பெட்ரோல் போட்டு மூலனூர் பக்கம் போய் வாருங்கள்.

திரும்பி வந்ததும் கேமராவை என்ன செய்ய வேண்டும்?

மலைக் குளிரில் இருந்த கேமராவை நேராகச் சமவெளிக் காற்றில் திறந்தால் உள்ளேயும் ஈரம் படியும். மலையிலேயே ஜிப் பையில் போட்டு மூடி, இறங்கி வந்து இரண்டு மணி நேரம் கழித்துத் திறங்கள். அதன் பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரத்தோடு தோல் பைக்குள் மூடி வைத்த லென்ஸில் பூஞ்சை பிடித்தால் சிலந்தி வலை போல் உள்கண்ணாடியில் பரவும். முற்றினால் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் நிறைந்துவிட்டது, வாணலியில் மிதமான சூட்டில் நீலம் திரும்பும்வரை வறுத்து, ஆறவைத்து மறுபடி போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.